படங்கு

என் மாமியார் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. பூனையிடம் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன்.

"ஏய் சீனி, தண்ணி கொதிச்சிருச்சு. மருமகன் குளிக்கறதா இருந்தா குளிக்கட்டும்."

சீனி அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும். கண்ணைக்கூடத் திறக்காது. நான் வாளியை எடுத்துக்கொண்டு போவேன்.

முன்பு இந்த வேலை என் மனைவி யசோதினியுடையது. அத்தை சொல்வதை என்னிடமும் நான் சொல்வதை அத்தையிடமும் சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் அப்படித்தான். பழைய ஆட்களிடம் இந்த வழக்கம் இன்னும் போகவில்லை. மருமகன் முன்னால் மாமியார் உட்காரமாட்டார். தலைப்பை இழுத்து மூடிக்கொள்வார். "நான் பொஞ்சாதியா, தபால்காரியா?" என்று யசோதினி கேட்பாள்.

போன மாசியில் அவள் இறந்தாள். மூளையில் ஓர் இரத்தக் குழாய் வெடித்தது. தோட்டத்துப் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதுளைக்குக் கொண்டுபோனோம். அவளுக்கு இருபத்தெட்டு வயது. இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்தும் அத்தை இங்கேயே தங்கிவிட்டார். அவர் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. வீடு என்னுடையது. தெமோதரைக்கு மேலே, தோட்டத்து லய வீடுகளுக்கு எதிர்ச் சரிவில், அப்பாவுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் நிலத்தில் கட்டியது. முன்னறை, உள்ளறை, அடுப்படி. குழாயடியில் பேச்சு எழுந்தது. பக்கத்து வீட்டுச் சந்திரகாந்தி அக்கா எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "மக போன பொறகு மருமகன் வீட்டுல என்னா இருப்பு? மகன் இருக்கான்ல கொழும்புல."

மகன் இருந்தான். அஜந்தன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது இது. அத்தைக்குச் சிறுநீர் நிற்காது. மூன்று பிரசவம், முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தது. மலையில் கழிப்பறை கிடையாது. காலையில் ஏறினால் கொழுந்து நிறுவைக்குத்தான் இறங்குவார்கள், அதுவரை அடக்கிக்கொள்வார்கள். கடைசியில் கருப்பை இறங்கி, அதற்குச் சத்திரசிகிச்சை செய்து, அதன் பிறகு எதையும் அடக்க முடியவில்லை. இருமினால் போகும். படியேறினால் போகும். சும்மா நின்றாலும் போகும்.

யசோதினி இருந்தபோது அணையாடையை அவள்தான் கட்டிவிட்டாள். டேப் ஒட்டுகிற வகை. அத்தை கட்டிலில் படுப்பார், இவள் அடியில் விரித்து இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டுவாள். அந்த நேரம் நான் வெளியே போய்விடுவேன். எனக்கு எதுவும் தெரியாது என்று மூவரும் வைத்துக்கொண்டோம். அதை வாங்கி வந்தவனே நான்தான்.

அது என் தொழில். பதுளையில் ஜெயராசா முதலாளியின் ஏஜென்சியில் நான் விற்பனை ரெப். டெக்னிக்கல் கல்லூரியில் வியாபார முகாமைத்துவம் படித்தேன். படித்ததற்குக் கிடைத்தது இதுதான். சவர்க்காரம், பற்பசை, பிள்ளைகளின் பம்பர்ஸ், பெரியவர்களின் பம்பர்ஸ். எந்தக் கம்பெனி செய்தாலும் எல்லாருக்கும் அது பம்பர்ஸ்தான். சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை என்று கடை கடையாகப் போவோம். ஷுக்ரி ஓட்டுவான், நான் ஓடர் எடுப்பேன்.

அத்தை பம்பர்ஸ் என்று சொன்னதே இல்லை. அது கைப்பிள்ளைகளுக்கு. அத்தை அதைப் படங்கு என்றார். கொழுந்து பறிக்கிற பெண்கள் செடி ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிறார்களே, சாக்கோ ரெட்டுத் துணியோ, அது படங்கு. கட்டாமல் யாரும் மலை ஏறமாட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "படங்கு முடிஞ்சிருச்சுன்னு சொல்லு" என்று யசோதினியிடம் சொல்வார். அவள் என்னிடம் வந்து கண்ணைச் சிமிட்டுவாள்.

அவள் போனதும் கட்டிவிட ஆள் இல்லாமல் போனது. அத்தை பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டார். அது ஊறியது, வாடை வந்தது. அத்தை வீட்டுக்குள் உட்காருவதை நிறுத்தினார். மழையிலும் பின்பக்கம், விறகு அடுக்கிய இடத்தில் ஒரு பலகை போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டில் இருக்கும் நேரம் முழுவதும் அங்கேதான். சோற்றைக்கூட அங்கே கொண்டுபோனார்.

பெண் துணை இல்லாத வீட்டில் மாமியாரும் மருமகனும். நான் கேட்க முடியாது, அவர் சொல்ல முடியாது. இப்படியே போனால் அவர் போய்விடுவார் என்று தெரிந்தது. அவர் போய்விட்டால் இந்த வீட்டில் யசோதினியைத் தெரிந்தவர் என்று நான் மட்டும்தான்.

அந்த மாதம் கம்பெனி பேண்ட் வகையை அனுப்பியது. டேப் கிடையாது. ஜட்டியைப் போலக் காலை விட்டு மேலே இழுத்துக்கொள்ளலாம். கழற்றும்போது பக்கத் தையலைக் கிழித்தால் போதும். படுக்க வேண்டாம், இன்னொருவர் வேண்டாம். ஒரு பொதியை வாங்கி வந்து உள்ளறை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்தபோது அத்தை அடுப்படியில் இருந்தார்.

"சீனி, இந்தப் படங்கு நல்லாத்தான் இருக்கு. கட்டவும் வேணாம், அவுக்கவும் வேணாம்."

நான் தேநீரைக் குடித்தேன். விறகுப் பக்கம் போட்ட பலகை அதன் பிறகு காலியாகவே கிடந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வழி கிடைத்தது. ஒரு பொதி தீரும்போது இன்னொன்று அலுமாரி மேல் இருக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

பிரச்சினை விலை. பொருளாதார நெருக்கடி வந்த வருடம் டொலரோடு சேர்ந்து இதுவும் ஏறியது. டொலர் இறங்கியது, இது இறங்கவில்லை. டேப் வகையில் ஒரு பொதியே கொழுந்துக்காரியின் ஒரு நாள் சம்பளத்துக்கு மேல். பேண்ட் வகை அதைவிடக் கூட. விலையை ஏற்ற முடியாத மாதங்களில் கம்பெனி பொதிக்குள் இருக்கும் எண்ணிக்கையைக் குறைத்தது. பையின் அளவு மாறவில்லை. மேலே "புதிய தோற்றம்" என்று அச்சடித்தார்கள்.

ஷுக்ரி ஒன்றைப் பிரித்து விரலால் நசுக்கிப் பார்த்தான். "மச்சான், போன வருசம் இது மெத்தை. இப்ப பப்படம்."

"மெல்லிசா இருந்தாலும் உறிஞ்சுமாம். புதுத் தொழினுட்பம்."

"நீ ட்ரெய்னிங்ல சொல்லித் தந்தத ஒப்புவிக்காத. கட்டிப் பாத்தியா?"

"இல்ல."

"பின்ன?"

தோட்டத்துப் பக்கக் கடைகளில் பொதியாக யாரும் வாங்குவதில்லை. கடைக்காரர் பிரித்து ஒன்று இரண்டாக விற்பார், பத்திரிகைத் தாளில் சுற்றி. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கு ஒன்று. கல்யாண வீட்டுக்கு ஒன்று. மற்ற நாளுக்குத் துணி. பேண்ட் வகையை அப்படியும் வாங்க ஆள் குறைவு. இரண்டு மாதம் கழித்து முதலாளி அதை நிறுத்தினார்.

"அது ஓடல தம்பி."

"கொஞ்சப் பேர் கேக்கறாங்க முதலாளி."

"கேக்கறாங்க. வாங்கறாங்களா? வெலயக் கேட்டுட்டுப் போறாங்க. ஓடாத சரக்க வச்சு நான் என்ன, பூசையா போடறது?" கணக்கு மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு, வீட்டுக்கா?"

"ஆமாங்க."

"டேப் கொண்டு போ. வெலயில கொறச்சுப் போட்டுத் தாறேன்."

நல்ல மனிதர். அவரிடம் எதை விளக்குவது? டேப் வகையைச் செய்தவர் படுத்திருக்கும் ஒருவரையும் குனிந்து நிற்கும் ஒருவரையும் நினைத்துச் செய்திருக்கிறார். நடுவில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. நனைந்தால் நீலமாகும். அது கட்டியிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பார்க்கிறவருக்காகப் போட்ட கோடு. எங்கள் வீட்டில் அந்தப் பார்க்கிறவர்தான் இல்லை.

போகிற வழியெல்லாம் தேடினேன். பண்டாரவளையில் இல்லை. ஹப்புத்தளையில் பெரிய அளவு மட்டும் இருந்தது, அத்தைக்கு நழுவும். ஹல்துமுல்லையில் றம்ஸியா மிஸ்ஸின் பார்மசியில் பிரித்த பொதியில் மிச்சம் இரண்டு கிடந்தது. அவர் காசு வாங்கவில்லை.

"எங்கட உம்மாவுக்கும் இதுதான் போட்ட. இப்ப நான் டேப்புக்கு மாத்திட்டன். நான் கட்டி விடுற. உங்கட வீட்டுல ஆர் கட்டுற?"

நான் ஓடர் புத்தகத்தைப் பிரித்தேன். அவருக்கு என் வீட்டுச் செய்தி தெரியும். இரண்டையும் தாளில் சுற்றித் தந்துவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

பொதி குறைவதை அத்தையும் பார்த்திருக்கிறார். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். மலைக்குப் போன காலத்துப் பழக்கம். குடிக்காவிட்டால் போகாது, போகாவிட்டால் ஒன்றே நாளைக்கும் ஆகும். காலைத் தேநீரை ஊற்றி எனக்கு வைத்துவிட்டுத் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். உதடு வெடித்திருந்தது. நீர்க் கடுப்பு எரிச்சலோடு காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்துச் சாலையில் மாத்திரை கொடுத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.

"குடிங்கன்னு சொல்லு சீனி" என்றேன். நானும் பூனையிடம் பேசத் தொடங்கியிருந்தேன்.

"குடிச்சிட்டு எங்க போறது?" என்றார் அத்தை, பூனையிடம்.

அன்று மாலை அவர் அஜந்தனுக்குப் போன் எடுத்தார். அவனுக்குக் கொழும்பை அடுத்த வத்தளையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. மனைவி நிரோஜா ஆடைத் தொழிற்சாலையில். மாடியில் ஓர் அறை, நாலு குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. அத்தைக்குக் காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போடுவார். நான் முன்னறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"தம்பி, எனக்குப் படங்கு வேணும்டா."

"என்னாத்துக்கு? ஒழுகுதா?"

"ஒழுகுதுடா. ரொம்ப ஒழுகுது."

"எவ்வளவு நாளா?"

"அது உங்க அக்கா இருக்கறப்பவே. அவ பாத்துக்கிட்டா."

"எந்தப் பக்கம் ஒழுகுது?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். "எந்தப் பக்கம்னு கேட்டா என்னாத்தச் சொல்றது. எல்லாப் பக்கமுந்தான்."

"மச்சான் என்னா செய்றாரு? ஏறிப் பாக்க மாட்டாரா?"

"வாயக் கழுவுடா! அவரு எப்படிப் பாக்கறது? அவரு பாக்கக் கூடாது."

"ஏன், பயமா?"

"மரியாதைடா."

"சரி சரி. பெருசாவே கொண்டாறேன். மேட்டுலேருந்து பள்ளம் வரைக்கும் மூடற மாதிரி. ஞாயித்துக்கெழம வாறேன்."

"பெருசு வேணாம். எனக்கு நடுத்தரந்தான்."

"பெருசா இருந்தாத்தாம்மா காத்துக்கு நிக்கும்."

கூரைக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்புக்கும் எங்கள் பக்கம் படங்கு என்றுதான் பெயர். அவன் அதைத்தான் நினைத்தான். எனக்குப் புரிந்தது. போனை வாங்கி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த இரண்டு வார்த்தை? அவன் அம்மாவின் உடம்பைப் பற்றி அவன் அம்மாவின் முன்னால் நான் பேச வேண்டும். ஊசியைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். பேச்சு முடிந்துவிட்டது.

"சீனி, தம்பி கொண்டாறானாம்" என்றார் அத்தை. குரலில் நிம்மதி இருந்தது. நான் அதைக் கெடுக்கவில்லை.

சனிக்கிழமை கடைசி பேண்டும் தீர்ந்தது. முதலாளி தந்த டேப் பொதியை அலுமாரி மேல் வைத்தேன். ஞாயிறு காலையில் அத்தை உள்ளறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டார். டேப்பைப் பிரிக்கும் சத்தம் வந்தது. மறுபடி, மறுபடி. ஒருமுறை ஒட்டிப் பிரித்தால் அந்த டேப்பில் பசை போய்விடும். இதுவும் புதுத் தோற்றத்தோடு வந்த மாற்றம், டேப்பை அரைவாசி ஆக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அத்தை ஒரு பையில் எதையோ சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்தவர் பழைய துணிப்பையை எடுத்துச் சேலைகளை மடித்து வைக்கத் தொடங்கினார்.

"சீனி, நான் தம்பியோட போயிடறேன். இங்க இருந்தா மருமகனுக்குக் கேவலம். வீடெல்லாம் நாறும். வேல பாக்கற மனுசன். நாலு பேரு வந்து போற எடம்."

நாலு பேர் வருவதில்லை. ஒருவரும் வருவதில்லை.

நான் அலுமாரி மேலிருந்த பொதியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். பூனையைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். அத்தை அடுப்படி வாசலில் நிழலாக நின்றார்.

"இங்க பாரு சீனி" என்றேன். "இதப் படுத்துக்கிட்டுத்தான் கட்டணும்னு இல்ல. நின்னுக்கிட்டும் கட்டலாம்."

பயிற்சியில் காட்டியிருந்தார்கள். நீளவாக்கில் மடித்து, காற்சட்டைக்கு மேலேயே காலுக்கிடையில் விட்டேன். "பின்பக்கத்த விரிச்சுச் செவுத்துல சாஞ்சுக்கணும். செவுரு புடிச்சுக்கும். ரெண்டு கையும் சும்மா இருக்கும். இப்ப முன்பக்கத்த மேல இழுக்கணும். மொதல்ல கீழ் டேப். கொஞ்சம் மேல் நோக்கி ஒட்டணும். அப்புறம் மேல் டேப், அது கீழ் நோக்கி."

சீனி நாற்காலியை விட்டு இறங்கப் பார்த்தது. கழுத்தைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தேன்.

"நடந்து பாக்கணும்" என்று சொல்லி அறையைச் சுற்றி நடந்தேன். இடுப்பில் வெள்ளையாக உப்பிக்கொண்டு நின்றது. அடுப்படிப் பக்கம் ஒரு சத்தம். அத்தை தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். மாசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. நான் இன்னொரு சுற்று நடந்தேன்.

அப்போது முன்வாசல் திறந்தது.

அஜந்தன் தோளில் பெரிய நீலச் சுருளோடு நின்றான். இரவு ரயிலில் வந்த முகம். என்னைப் பார்த்தான். என் இடுப்பைப் பார்த்தான். நாற்காலியில் பூனையைப் பார்த்தான்.

"மச்சான்" என்றான் மெதுவாக. "உங்களுக்கு என்னா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"அக்கா போனதுலேருந்து நீங்க சரியில்லன்னு நெனச்சேன். ஆனா இந்த அளவுக்குன்னு…"

"டேய்" என்றார் அத்தை. "அது எனக்குடா."

அவன் சுருளை இறக்கி வைத்தான். ஒவ்வொன்றாக அவனுக்கு விளங்குவது முகத்தில் தெரிந்தது.

"ஒழுகுதுன்னு சொன்னது…"

"படங்குன்னுதானே சொன்னேன். உனக்கு வெளங்கலேன்னா நான் என்னா செய்யறது."

"நான் கூரைன்னு நெனச்சு, ஹார்ட்வெயார்ல இருக்கறதுலயே பெருச எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்!" அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தச் சுருள் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான். துடைத்தது வியர்வை மட்டும் இல்லை. "ஏம்மா எங்கிட்டச் சொல்லல? நான் நீங்க பெத்த மகந்தானே."

"மகன்கிட்டச் சொல்ற சங்கதியா இது."

நான் டேப்புகளைப் பிரித்துக் கழற்றினேன். கிழித்தெறிய மனம் வரவில்லை. பசை கொஞ்சம் இருந்தது. மடித்து மேசையில் வைத்தேன்.

அத்தை தேநீர் ஊற்றப் போனார். அஜந்தன் என்னை வாசலுக்கு அழைத்தான். சரிவில் மூடுபனி இன்னும் விலகவில்லை. கீழே பாதையில் பதுளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"மச்சான், நான் அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்."

"நிரோஜா செய்வாங்களா?"

"செய்வா. மருமக செய்யலாம், தப்பில்ல." பிறகு சொன்னான்: "அவ நைட் ஷிப்ட் போனா நானும் இருக்க மாட்டேன். கக்கூஸுக்குக் கீழ எறங்கணும். படி செங்குத்து. எப்படியாவது பாத்துக்குவோம்."

அவன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிக்காதீங்க. நீங்க நாளைக்கு வேற கல்யாணம் கட்டுவீங்க. வயசு இருக்கு. அப்ப அம்மா எங்க இருக்கும்? வாற பொம்பளக்கி எங்கம்மா யாரு?"

"தெரியல."

"கட்ட மாட்டேன்னு சொல்லலயே."

"அதுவும் தெரியல அஜந்தன். எனக்கு இப்ப இன்னிக்கு மட்டுந்தான் தெரியுது."

அவன் தலையை ஆட்டினான். பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

உள்ளே வந்தோம். அடுப்படியில் மூன்று கோப்பை ஊற்றியிருந்தது. அத்தை இல்லை. உள்ளறைத் திரை மூடியிருந்தது. மடித்து வைத்த துணிப்பை கட்டில் காலடியில், திரைக்குக் கீழே தெரிந்தது.

"அம்மா, பையக் கட்டிட்டீங்களா? மத்தியான பஸ்ஸுக்குப் போயிடலாம்."

"கொஞ்சம் இரு" என்றார் உள்ளேயிருந்து.

சுவரில் ஏதோ உரசியது. டேப் பிரியும் சத்தம். ஒன்று. ஒட்டி அழுத்துகிற சத்தம். மறுபடி ஒன்று. வலது பக்கம் இரண்டும் முடிந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம், குடிக்கவில்லை. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மூச்சு வாங்குவது கேட்டது.

"இடது பக்கம் வரல" என்றார் அத்தை.

இடது கை அவருக்குத் தோளில் இறுகிப்போயிருந்தது. சோறு உண்ண முடியும், தலை சீவ முடியும். இடுப்புக்குப் பின்னால் போகாது.

அஜந்தன் என்னைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான். ஓர் அடி வைத்தான், நின்றுவிட்டான். கழுத்து வரை சிவந்திருந்தது. "அம்மா, சந்திரகாந்தி அக்காவக் கூப்பிடவா?"

"அவளக் கூப்பிட்டா நாளைக்குக் காலையில வேலைக்குப் பெரட்டுல பேர் கூப்பிடறப்ப இதையும் சேத்துப் படிப்பாளுக. வேணாம்."

"அப்ப என்னா செய்யறது?"

அத்தை திரையை ஒட்டிய சுவரில் சாய்ந்திருக்கிறார், சாய்வை விட்டால் எல்லாம் நழுவிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த நிலையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்றும் தெரியும். முழங்கால் தாங்காது.

கோப்பையை மேசையில் வைத்தேன். திரைக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்றேன். எதிரே சுவரில் மருந்துக் கம்பெனி ஒன்றின் காலண்டர். ஒரு கையை மட்டும் திரையின் ஓரமாகப் பின்னால் விட்டேன். கையை நீட்டியபடி அப்படியே வைத்திருந்தேன். இப்போது பூனை எங்கே என்று தேட எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் அந்தக் கை காற்றில் இருந்தது.

பிறகு விரல் நுனியில் டேப் வந்து பட்டது. அத்தையின் விரல்கள் சொரசொரப்பாக இருந்தன. டேப்பை என் விரலிடுக்கில் வைத்து மூடிவிட்டன. நான் முன்பக்கமாக இழுத்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

இழுத்தேன்.

"இறுக்குதா?"

"இறுக்கல. இன்னும்."

"இப்ப?"

"போதும். ஒட்டுங்க."

அழுத்தி ஒட்டினேன். இரண்டாவது டேப்பும் வந்தது. அதையும் ஒட்டினேன். காலண்டரில் எந்த மாதம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதத்தைக் கிழிக்கவில்லை.

கையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கழுவினேன். அஜந்தன் வாசலில் வெளியே பார்த்தபடி நின்றான். அவன் தோள் அசைந்தது. நான் அவன் பக்கம் போகவில்லை.

அத்தை வெளியே வந்தார். சேலையைச் சரியாகக் கொசுவியிருந்தார். முன்னறையைக் கடந்து வாசல் வரை போய்த் திரும்பினார். மெல்லிதாக ஒரு சரசரப்பு. காது கொடுத்தால்தான் கேட்கும். தேநீரை எடுத்து நின்றபடியே பாதி குடித்தார். யோசித்து மீதியையும் குடித்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாகுதும்மா" என்றான் அஜந்தன், திரும்பாமல்.

"நீ போய்ட்டு வா. ரொம்பச் செலவழிச்சு அனுப்ப வேணாம். முடிஞ்ச மாசம் ஒரு கட்டு அனுப்பு. காலுல போடறது அங்க கெடச்சா அதையே அனுப்பு. இல்லாட்டி இதே போதும்."

"இங்கயே இருப்பீங்களா?"

"இருக்கற வரைக்கும் இருக்கேன். நடக்க முடியாமப் போனா நானே போன் எடுக்கறேன், வந்து தூக்கிட்டுப் போ."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். சம்மதமா களைப்பா என்று எனக்கே தெரியாது. இரண்டும் ஒரே தலையசைப்புத்தான்.

மத்தியானம் அவன் மட்டும் போனான். நீலச் சுருளை விறகு மேல் போட்டுக் கல் வைத்துவிட்டுப் போனான். அத்தை துணிப்பையைப் பிரித்துச் சேலைகளை மறுபடி அலுமாரியில் அடுக்கினார்.

திங்கட்கிழமை லொறி வருவதற்கு முன்னால், நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் இரண்டு டேப் பிரியும் சத்தம் கேட்டது. ஒரு காலின் கயிற்றைக் கட்டி முடித்து மற்றதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். திரைக்கு இந்தப் பக்கம் திரும்பி நின்று கையை நீட்டினேன்.